தூத்துக்குடி வாகைகுளம்: ஓடுதளம் நீண்ட பிறகும் ஏடிஆர் ஏன், பெட்டி ஏன் பின்தங்குது?

பொருநைக்கரை கேட்டது:

அண்ணாச்சிகளே, வாகைகுளம் விமான நிலையம் பத்தி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்பாவுக்கு 74 வயசு, அம்மாவுக்கு 70. அம்மாவுக்கு முட்டு வலி, படி ஏறுறது சிரமம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்துல வரவழைச்சு, அங்கேயிருந்து பாளையங்கோட்டைக்குக் காருல கூட்டிட்டு வரலாம்னு யோசனை. மதுரையில இறங்கினா அதுக்கப்புறம் ரெண்டரை மணி நேரம் ரோட்டுலேயே உட்காரணும், அது வேண்டாம்.

புக்கிங்ல ஏடிஆர்னு, ப்ரொப்பெல்லர் வெச்ச சின்ன விமானம் காட்டுது. "லோடு கூடிட்டு, பெட்டி அடுத்த விமானத்துல வரும்"னு சொல்லிட்டுப் போறதைப் பல பேர் எழுதியிருக்காங்க. சீட்டையும் வித்து, 15 கிலோவும் கொண்டுவரலாம்னு சொன்ன பிறகு அது எப்படிக் கூடும்? ஓடுதளம் 1,350 மீட்டரா இருந்தது 3,115 ஆச்சு, 2025 ஜூலை 26-ல புது முனையமும் திறந்தாச்சு. அப்போ ஏர்பஸ் மட்டும்தானே வரணும்? ஐப்பசி, கார்த்திகையில மழை பெஞ்சா இறங்க முடியாம மதுரைக்குத் திருப்பிடுவாங்களா? சக்கர நாற்காலிக்கு என்ன ஏற்பாடு? வாகைகுளத்துல பஸ் நிக்குமா?

---

அவுட்டர்_சிக்னல்:

ஓடுதளம்தான் நீண்டுட்டுல்லா, இனி பெட்டிப் பிரச்சினையே கிடையாது. பெரிய விமானம் தானா வரும்.

ரோட்டு விவரம் மட்டும் சொல்லுதேன். திருநெல்வேலி - தூத்துக்குடி நாலுவழிச் சாலையிலேயே இருக்கு நிலையம். பாளையிலிருந்து வல்லநாடு, தெய்வச்செயல்புரம் தாண்டி வாகைகுளம். முக்கால் மணி நேரம் போதும். சுங்கச்சாவடி உண்டு, ஃபாஸ்டேக்ல பணம் இருக்கான்னு பாத்துக்கிடுங்க. எண்ட் டு எண்ட் பஸ் நடுவழியில நிக்காது. எல்லா ஊர்லயும் நின்னு போற பஸ்ஸுலதான் வாகைகுளம் டிக்கெட் கேக்கணும். நின்னாலும் மெயின் ரோட்டுலதான் இறக்குவான். வயசானவங்களைப் பெட்டியோட அங்கேயிருந்து நடக்க விடாதீங்க, கார்தான் சரி.

---

சுமைத்தாள்:

ஓடுதளம் நீண்டால் பெட்டிப் பிரச்சினை தீரும் என்பது பாதிதான் சரி. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏடிஆர் 72-600 புறப்படும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 23,000 கிலோ. பயணிகளும் எரிபொருளும் ஏறும் முன், ஊழியர்கள், சாப்பாட்டுத் தள்ளுவண்டி எல்லாம் சேர்த்து வெறும் விமானமே சுமார் 13,500 கிலோ இருக்கும். இன்னொரு வரம்பும் உண்டு: எரிபொருள் நீங்கலான மொத்த எடை 21,000 கிலோவைத் தாண்டக் கூடாது. இறக்கை தாங்கும் வரம்பு அது, ஓடுதளம் எத்தனை கிலோமீட்டர் நீண்டாலும் மாறாது. ஆக, ஆளும் பெட்டியும் சேர்த்து 7,500 கிலோ.

இருக்கை 78. ஆளுக்குக் கைப்பையோடு 80 கிலோ என்று வைத்தால் 6,240. எல்லோரும் 15 கிலோப் பெட்டி கொண்டுவந்தால் 1,170. கூட்டினால் 7,410. மிச்சம் 90 கிலோ, அதாவது ஆறு பெட்டி. முகூர்த்த நாளில் ஆளாளுக்குக் கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்டி ஏற்றினால் அந்த 90 கிலோ எங்கே போகும்? நீளமான ஓடுதளத்திலும் பெட்டி பின்தங்க இதுதான் முதல் காரணம். சாதாரண நாளில் எல்லோரும் முழு 15 கிலோ கொண்டுவருவதில்லை, அதனால் கணக்கு ஒப்பேறிவிடுகிறது.

அடுத்தது எரிபொருள். சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர். ஏடிஆர் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகம், மணிக்கு 700 முதல் 750 கிலோ எரிபொருள் செலவு. ஏறி இறங்கும் நேரமும் சேர்த்து இந்தப் பயணத்துக்கு 900 கிலோ போகும். அதற்கு மேல் 5 சதவீதம் எதிர்பாராத செலவுக்கு, இறங்க முடியாவிட்டால் மதுரைக்குப் போக, மதுரைக்கு மேலே அரை மணி வட்டமடிக்க, ஓடுபாதை வரை ஊர்ந்து போக. எல்லாம் சேர்ந்து 1,600 கிலோ பக்கம் வரும். 13,500, 7,410, 1,600 மூன்றையும் கூட்டினால் 22,510. உச்ச எடைக்குள் அடங்குகிறது, 490 கிலோ இடமும் இருக்கிறது. ஆனால் போய்ச்சேரும் ஊரில் எரிபொருள் நிரப்பாமல், திரும்பும் வழிக்கும் சேர்த்து இங்கேயே நிரப்பிக்கொண்டு போனால் இன்னொரு 900 கிலோ கூடும். 490 கிலோ இடத்தில் 900 கிலோ எப்படி அடங்கும்? அங்கேயும் பெட்டிதான் இறங்கும்.

இப்போது ஓடுதளத்துக்கு வருவோம். 15 டிகிரி வெப்பம், கடல்மட்டம், காற்றில்லை என்ற நிலையில் முழு எடையோடு கிளம்ப இந்த ரகத்துக்கு ஏறக்குறைய 1,300 மீட்டர் வேண்டும். பழைய 1,350 மீட்டரில் அது ஒட்டி ஒட்டித்தான் அடங்கும். சித்திரை மதியம் 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 7 சதவீதம் குறைவு. இறக்கைக்குத் தூக்கும் விசை குறைகிறது, ப்ரொப்பெல்லருக்கு இழுவை குறைகிறது, இன்ஜினுக்கும் மூச்சு குறைகிறது. மூன்றும் சேர்வதால் ஓட வேண்டிய தூரம் 7 சதவீதத்தைவிட அதிகமாகக் கூடும். கூடின தூரத்துக்கு ஓடுதளம் கிடையாது, ஆகவே எடையைத்தான் குறைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இன்ஜின் நின்றால் பிரேக் போட்டு முடிவுக்குள் நிறுத்தவும் இடம் வேண்டும், நனைந்த தளத்தில் அதற்குக் கூடுதல் தூரம் தேவை. குட்டை ஓடுதளத்தில் மழைநாளும் வெயில்நாளும் வெவ்வேறு காரணத்துக்காக ஒரே தொல்லையைக் கொடுக்கும்.

குறைக்கும்போது முதலில் சரக்கு நிற்கும், அடுத்து தேவைக்கு மேல் ஏற்றிய எரிபொருள், அப்புறம் பெட்டி, கடைசியில்தான் ஆள். பெட்டி அடுத்த விமானத்தில் தனியாக வரலாம், ஆளை அப்படி அனுப்ப முடியாது என்பதால் இந்த வரிசை. கோடையில் மதிய விமானத்துக்குச் சில இருக்கைகளை விற்காமலே வைப்பதும் இதற்காகத்தான்.

பொருநைக்கரை கவனிக்க வேண்டியது: குட்டை ஓடுதளத்தின் கெடுபிடி புறப்படும் திசையில்தான் அதிகம், அதாவது தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு. இறங்கும் கணக்கு வேறு. ஏடிஆர் மாதிரி ப்ரொப்பெல்லர் உள்ள டர்போப்ராப் விமானம் இருக்கிற நீளத்தில் 70 சதவீதத்துக்குள் நிற்க முடியும் என்று கிளம்பும் முன்பே காட்ட வேண்டும், ஈரத்தளம் என்றால் அதன் மேல் 15 சதவீதம் சேர்க்க வேண்டும். இந்த ரகத்துக்குப் பாதுகாப்புக்கு விடும் அந்தக் கூடுதல் தூரம் எல்லாம் சேர்த்து, காய்ந்த தளத்தில் சுமார் 900 மீட்டர், ஈரத்தில் ஆயிரத்துச் சொச்சம். பழைய நீளத்திலேயே இது அடங்கியது. உங்கள் பெற்றோர் வரும் திசையில் பெட்டி நின்றால் காரணம் பெரும்பாலும் அந்த 7,500 கிலோவும் திரும்பும் எரிபொருளும்தான்.

மாத்திரை, மருத்துவச் சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி இவை கைப்பையில் இருக்கட்டும். பெட்டி மறுநாள் வந்தாலும் சமாளிக்கலாம்.

---

காற்றுக்கூம்பு:

சுமைத்தாள் எடையைச் சொல்லிவிட்டார். "ஓடுதளம் நீண்டுட்டு, ஏர்பஸ் தானா வரும்" என்பதற்கு மட்டும் பதில்.

விமானி பார்ப்பது தார் போட்ட நீளத்தை அல்ல, அதிகாரபூர்வமாக வெளியிட்ட நீளத்தை. கிளம்ப ஓடும் தூரம், ஏறும் தூரம், ஓடி நிறுத்தும் தூரம், இறங்கும் தூரம் என்று ஒவ்வொரு முனைக்கும் நாலு எண் வெளியிடுவார்கள். வேலை நடக்கும் நாளில் தற்காலிக அறிவிப்பாகிய நோட்டம் போட்டு அந்த எண்ணைக் குறைக்கவும் செய்வார்கள். தார் எங்கே முடிகிறது என்று கூகுள் வரைபடத்தில் அளந்து பார்த்து ஒரு பயனும் இல்லை.

நீளம் மட்டுமா? அகலம் 30 மீட்டர் ஏடிஆருக்குப் போதும், ஏர்பஸ் 320-க்கு 45 வேண்டும். ஓடுதளத்தின் ரெண்டு முனையிலும் 60 மீட்டர் சமதளம், அதற்கும் அப்பால் 240 மீட்டர் பாதுகாப்புப் பரப்பு. 3,115 மீட்டர் ஓடுதளத்துக்கு 3,715 மீட்டர் நிலம் நேர்கோட்டில் வேண்டும். பக்கவாட்டில் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் தடை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். நிலம் எடுக்க வருஷக்கணக்கில் ஆவது ஏன் என்று கேட்பவர்கள் இந்த எண்களைத்தான் பார்க்க வேண்டும், முனையக் கட்டடத்தை அல்ல. தளத்தின் தாங்குதிறனும் தனி எண்ணாக வெளியாகும். 23 டன் ஏடிஆருக்குப் போட்ட பழைய தளத்தின் மேல் 78 டன் ஏர்பஸ்ஸை இறக்க முடியாது, மேலே கனமான அடுக்கு போட்டாக வேண்டும்.

தீயணைப்புதான் யாரும் பேசாத விஷயம். விமானத்தின் நீளத்தை வைத்து வகை பிரிப்பார்கள். ஏடிஆர் 72 நீளம் 27 மீட்டர், ஐந்தாம் வகை: ஒரு வண்டி, நுரை தயாரிக்க 5,400 லிட்டர் தண்ணீர். ஏர்பஸ் 320 ஆறாம் வகை: ரெண்டு வண்டி, 7,900 லிட்டர். ஏர்பஸ் 321 ஏழாம் வகை: ரெண்டு வண்டி, 12,100 லிட்டர். வண்டி வாங்கினால் மட்டும் போதாது. ஓடுதளத்தின் எந்த முனைக்கும் 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும், ஓடுதளம் ரெண்டு மடங்குக்கு மேல் நீண்டால் பழைய தீயணைப்பு நிலையம் இருந்த இடமே சரியாக இருக்காது. ஷிப்டுக்கு ஆள் வேண்டும். ஒரு வண்டி பழுதானால் அன்றைக்கு வகை இறங்கிவிடும், ஓடுதளம் மூணு கிலோமீட்டர் இருந்தும் பெரிய விமானம் வர முடியாது.

இதெல்லாம் முடிந்தாலும் விமான நிறுவனம் தன் கணக்கைப் பார்க்கும். ஏடிஆரில் 78 இருக்கை, ஏர்பஸ்ஸில் 186. நாலு ஏடிஆருக்குப் பதில் ரெண்டு ஏர்பஸ் விட்டால் இருக்கை கூடும், நேரத் தேர்வு பாதியாகும். காலையில் போய் மாலையில் திரும்புகிற துறைமுக, உப்பு, மீன் ஏற்றுமதி ஆட்களுக்கு நேரம்தான் முக்கியம், விமானத்தின் அளவு அல்ல.

வரியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்குப் பொதுவான மதிப்புக்கூட்டு வரி 29 சதவீதம். டர்போப்ராப் விமானத்துக்கு விற்கும் எரிபொருள் மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் சிறப்புப் பொருள், 5 சதவீதத்துக்கு மேல் மாநிலம் வாங்க முடியாது. 80-க்குக் கீழே இருக்கை உள்ள உள்நாட்டு விமானத்துக்கு விமான நிலைய ஆணைய நிலையங்களில் இறங்கு கட்டணமும் கிடையாது. ஏடிஆரிலும் இன்னொரு டர்போப்ராப் ஆன க்யூ400-லும் இந்தியாவில் ஏன் 78 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள் என்று யோசித்தால் விடை அங்கே கிடக்கிறது. ஆக ஓடுதளம் நீண்டாலும் ஏடிஆர் காணாமல் போகாது. போகாமல் இருப்பதுதான் நம்ம ஊருக்கு நல்லது என்பது என் கருத்து.

---

பொருநைக்கரை:

ரெண்டு அண்ணாச்சிக்கும் நன்றி. இவ்வளவு கணக்கு இருக்கும்னு நினைக்கலை. அப்போ காலை விமானம் பார்க்கவா, மாலையா? மழைக்கு யாரும் பதில் சொல்லலையே.

---

காற்றுக்கூம்பு:

காலை முதல் விமானம். கேள்வியே இல்லை.

ஒரே ஏடிஆர் ஒரு நாளில் ஆறு, ஏழு தடவை பறக்கும். ஒவ்வொரு ஊரிலும் 25 நிமிடம்தான் இடைவெளி. காலையில் எங்கோ ஒரு ஊரில் 20 நிமிடம் தாமதமானால் மாலைக்குள் அது ஒன்றரை மணி ஆகிவிடும். சின்ன நிலையங்களுக்கு வேலைநேரம் என்று ஒன்று உண்டு, கட்டுப்பாட்டு அறையும் தீயணைப்பும் அதுவரைதான். கடைசி விமானம் அந்த நேரத்தைத் தாண்டும்போல இருந்தால் நீட்டிப்புக் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் ரத்து. மார்கழி, தையில் பெங்களூரில் காலைப் பனி இருக்கும், அங்கிருந்து வருகிற விமானத்துக்கு மட்டும் இந்த ஆலோசனை பொருந்தாது. சென்னைக்குப் பொருந்தும்.

காற்றைப் பற்றி. இங்கே ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது, 10 ஒரு முனை, 28 மறுமுனை. ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்று கணவாய் வழியாக வந்து கயத்தாறு காற்றாலைகளைச் சுத்திவிடுகிற அதே காற்று. அது ஓடுதளத்துக்கு ஓரளவு நேராகவே வருவதால் பக்கக்காற்றுத் தொல்லை குறைவு, மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானத்துக்கு எதிர்காற்று லாபம்தான். ஆனால் மதியத்துக்கு மேல் தரைச்சூடும் சேர்ந்து குலுக்கி எடுத்துவிடும். கடைசிப் பத்து நிமிடம் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வாந்தி வரும் ஆள் என்றால் காலை விமானத்துக்கு இது இன்னொரு காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்சினை மழைத்தண்ணீர் அல்ல, மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எவ்வளவு தூரம் கண் தெரிகிறது என்பதுதான். இறங்கும் பாதையையும் உயரத்தையும் விமானிக்குக் காட்டும் ஐஎல்எஸ் கருவி உள்ள ஓடுதளத்தில் முதல் வகை இறக்கத்துக்கு 200 அடி உயரம் வரை இறங்கிப் பார்க்கலாம், 550 மீட்டர் பார்வை போதும். உயரத்தைக் கருவி சொல்லிக்கொடுக்காத சாதாரண அணுகுமுறையில் சில நூறு அடி மேலேயே நின்று ஓடுதளம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், பார்வைத்தூரமும் ஒன்றரை, ரெண்டு கிலோமீட்டர் கேட்பார்கள். தெரியவில்லை என்றால் மேலே ஏறிவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. ஒரு தடவை, அதிகம் போனால் ரெண்டு தடவை முயற்சி. அதற்கு மேல் எரிபொருள் கணக்கு இடம் தராது.

மாற்று நிலையம் மதுரை அல்லது திருவனந்தபுரம். ரெண்டும் வாகைகுளத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய ஒரே தூரம், 125 கிலோமீட்டர் பக்கம். எது என்பது அன்றைய வானிலையைப் பார்த்து கிளம்பும் முன்பே முடிவாகும். கார்த்திகை மழை நமக்குப் பெய்தால் மதுரையிலும் பெய்ய வாய்ப்பு அதிகம், மலைக்கு மேற்கே இருக்கிற திருவனந்தபுரம் தெளிவாக இருக்கலாம். அது நேர்மாறாகவும் நடக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் விமானம் இறங்கினாலும் ரோடு இருக்காது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தை நீங்களே தள்ளிப்போட்டுவிடுங்கள்.

---

கவுண்டர்_பக்கம்:

சக்கர நாற்காலி, பெட்டி ரெண்டையும் சொல்லிடறேன்.

புக்கிங் போடும்போதே சக்கர நாற்காலின்னு குறிக்கணும். விட்டுப்போச்சுன்னா 48 மணி நேரத்துக்கு முன்னால கஸ்டமர் கேர்ல சொல்லிச் சேர்க்கணும். இதுல மூணு வகை உண்டு: தூரம் நடக்க முடியாது ஆனா படி ஏறுவாங்க, படியும் ஏற முடியாது, நடக்கவே முடியாது. அம்மாவுக்கு ரெண்டாவது வகை. "வீல்சேர்"னு மட்டும் சொன்னா முதல் வகையைப் போட்டுடுவாங்க, விமானத்துப் படிகிட்ட கொண்டுவந்து நிறுத்திட்டு "ஏறுங்கம்மா"ன்னு சொல்லுவாங்க. வகையைத் தெளிவாச் சொல்லணும்.

புது முனையத்துல ஏரோபிரிட்ஜ் இருக்கே, படி எதுக்குன்னு கேட்பீங்க. ஏடிஆர்ல பயணிகள் கதவு பின்பக்கம் இருக்கு, அதுவும் தரையிலிருந்து ரொம்பத் தாழ்வு. பெரிய விமானத்தோட முன்கதவு உயரத்துக்குப் போட்ட பாலம் இதுக்கு ஒட்டாது. கதவோட சேர்ந்த அஞ்சாறு படிதான். சாய்தளம் இருக்கிற இடத்துல அதை உருட்டிட்டு வந்து போடுவாங்க, நாற்காலியோட ஏறலாம். ரெண்டாவது வகைன்னு முன்கூட்டியே பதிவாயிருந்தாத்தான் அது நேரத்துக்கு வரும்.

இருக்கை பின்வரிசையா எடுங்க. கதவு அங்கேதான், குறுகலான நடைபாதையில தூரம் நடக்க வேண்டாம், சத்தமும் குறைவு. இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால உள்ள வரிசைகள் ப்ரொப்பெல்லருக்கு நேரே வரும், அங்கே அதிர்வு அதிகம். கடைசி வரிசை மட்டும் வேண்டாம், சாய்க்க முடியாது. அவசர வழி வரிசையில வயசானவங்களை உட்கார விடமாட்டாங்க. ஆள் குறைவா இருந்தா "முன்னால போய் உட்காருங்க"ன்னு மாத்துவாங்க. எடைச் சமநிலைக்காக மாத்தறது, வாக்குவாதம் பண்ணிப் பயனில்லை. வாலுக்கு அடியில ஒரு முட்டுக்கம்பு வெச்சிருப்பாங்க, அதுவும் இதே காரணம்தான்: பின்கதவு வழியா எல்லாரும் ஒரே சமயத்துல ஏறினா மூக்கு தூக்கிடும்.

ஒரு ப்ரொப்பெல்லர் சுத்தாம நிக்கும்போதே இன்ஜின் சத்தம் கேக்கும், பயந்துட வேண்டாம்னு சொல்லி வைங்க. வலது பக்க ப்ரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்திட்டு, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு ஏசிக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்துவாங்க. அப்பவும் தரையில இருக்கிற வரைக்கும் ஏசி சுமாராத்தான் இருக்கும். விசிறி ஒண்ணு கையில இருக்கட்டும்.

மேல்தட்டு ரொம்பச் சின்னது. சக்கரம் வெச்ச கைப்பெட்டி பெரும்பாலும் நுழையாது, விமானத்துக்குப் பக்கத்துலேயே சீட்டு கட்டி வாங்கி சரக்கு அறையில போட்டுடுவாங்க. அப்படி வாங்கும்போது பவர் பேங்கையும் மருந்தையும் வெளியில எடுத்துடணும், பவர் பேங்க் சரக்கு அறைக்குப் போகவே கூடாது. 20,000 எம்ஏஎச் உள்ளது 74 வாட் அவர் வரும், வரம்பு 100, அதனால கையில தாராளமா வெச்சுக்கலாம்.

ஊருக்குத் திரும்பும்போது என்னென்ன கட்டிக் குடுப்பீங்கன்னு தெரியும். அல்வா, கருப்பட்டி, மக்ரூன் எல்லாம் கையிலேயே போகும். மக்ரூனைப் பெட்டியில போடாதீங்க, தூளாயிடும். கொப்பரைத் தேங்காய் கூடாது. எண்ணெய்ச்சத்து தானே சூடேறித் தீப்பிடிக்கிற வகைன்னு ஆபத்தான பொருள் பட்டியல்ல இருக்கு. கருவாடு கவுண்டர்ல உள்ளவரைப் பொறுத்தது. காத்து புகாத பாக்கெட்ல அடைச்சு டப்பாவுக்குள்ள வெச்சாலும் திருப்பி அனுப்ப அவங்களுக்கு உரிமை உண்டு. பார்சல்ல அனுப்பறது நிம்மதி.

கவுண்டர் 60 நிமிஷத்துக்கு முன்னால மூடும், கேட் 25 நிமிஷத்துக்கு முன்னால. வாகைகுளத்துல கூட்டம் கம்மிதானேன்னு தாமதமாப் போறவங்கதான் மாட்டறாங்க. சின்ன நிலையத்துல அதே ஊழியர்தான் கவுண்டரை மூடிட்டு கேட்டுக்கும் போவார். கவுண்டர் மூடினா மூடினதுதான்.

---

வடமராட்சி_வாடை:

நல்ல விளக்கம். எங்கட யாழ்ப்பாணத்துப் பலாலியிலயும் பாவனையில் இருக்கிற ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர்தான், 2019 ஒக்டோபர் 17-ல் சர்வதேச நிலையமாத் திறந்ததிலிருந்து சென்னைக்கு ஏடிஆர்தான் வந்து போகுது. எங்களுக்கும் இதே கணக்குத்தானோ?

---

சுமைத்தாள்:

அடிப்படை அதேதான், எண் மாறும். பலாலி - சென்னை நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீட்டர். தூத்துக்குடியைவிட 170 கிலோமீட்டர் குறைவு, 20 நிமிடப் பறப்பு மிச்சம், எரிபொருளில் 230 முதல் 250 கிலோ மிச்சம். 15 கிலோப் பெட்டியாகக் கணக்கிட்டால் பதினைந்து, பதினாறு பெட்டிக்கு இடம். ஆனால் உங்கள் வழித்தடத்தில் ஆளுக்கு ஆள் பெட்டி கனமாக இருக்கும், அந்த லாபத்தை அதுவே தின்றுவிடும். 7,500 கிலோ வரம்பு உங்களுக்கும் அப்படியே.

---

அவுட்டர்_சிக்னல்:

சரி, நீளம் மட்டும் போதாதுன்னு ஆயிட்டு. ரத்தானா, திருப்பிவிட்டா என்ன கிடைக்கும்னு யாராவது சொல்லுங்க. அங்கேதான் பாதிப் பேர் ஏமாறுதான்.

---

கவுண்டர்_பக்கம்:

சென்னை - தூத்துக்குடி ஏடிஆர்ல ஒன்றரை மணி நேரப் பயணம்னு அட்டவணையில காட்டும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தற டிஜிசிஏ விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்குள்ள முடியற பயணம் 2 மணி நேரத்துக்கு மேல தாமதமானா சாப்பாடோ சிற்றுண்டியோ தரணும், பயணி நேரத்துக்கு வந்து செக் இன் பண்ணியிருக்கணும். 6 மணி நேரத்துக்கு மேல தாமதம்னா மாற்று விமானம் அல்லது முழுப் பணம், தேர்வு உங்களோடது. முன்கூட்டிச் சொல்லாம ரத்து பண்ணினா, 1 மணி நேரத்துக்கு மேல 2 மணி நேரத்துக்குள்ள உள்ள பயணத்துக்கு ரூ.7,500 அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, ரெண்டுல எது குறைவோ அது. வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு காரணம்னா இந்த இழப்பீடு கிடையாது. ஆனா பணத்தைத் திரும்பக் கேட்கலாம். "வெதர்"னு வாயால சொன்னாப் போதாது, காரணத்தை எழுத்துல, மெயில்லயாவது குறுஞ்செய்தியிலயாவது வாங்கிக்கோங்க.

மதுரைக்குத் திருப்பிவிட்டா அவசரப்பட்டு இறங்கிடக் கூடாது. எரிபொருள் போட்டுட்டு மேகம் விலகினதும் திரும்ப வர்றதுதான் வழக்கம். விமானிகளோட வேலைநேரம் முடிஞ்சாத்தான் பஸ் ஏற்பாடு. பெட்டி செக் இன் பண்ணினவர் பாதியில இறங்கினா அவர் பெட்டியையும் தேடி இறக்கணும், மொத்த விமானமும் அதுக்காக நிக்கும், அதனால சுலபத்துல விடமாட்டாங்க. திருவனந்தபுரத்துக்குப் போயிட்டா பஸ்ஸுல திருநெல்வேலிதான் முதல்ல வரும். பாளையங்கோட்டைக்காரங்க அங்கேயே இறக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம், வாகைகுளம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டாம்.

மழை மாசத்துல கட்டாயம் வந்து சேரணும்னா முத்துநகர் இல்லே நெல்லை எக்ஸ்பிரஸ் ரயில்ல கீழ்ப்படுக்கை ஒண்ணு போட்டு வைங்க. விமானம் உறுதியானதும் ரத்து பண்ணிக்கலாம். எவ்வளவு முன்னால ரத்து பண்றீங்களோ அவ்வளவு பிடித்தம் கம்மி.

---

பொருநைக்கரை:

தையில காலை விமானமே போடுதேன், பின்வரிசை, ரெண்டாவது வகை நாற்காலி. ஒரே ஒரு கேள்வி: கூட வர்ற ஆள்னு அப்பாவும் அம்மாவோட முதல்லேயே ஏறலாமா, இல்லே வரிசையில நிக்கணுமா?

---

கவுண்டர்_பக்கம்:

ஒரே பிஎன்ஆர்ல ரெண்டு பேரும் இருந்தா கூடவே கூட்டிட்டுப் போவாங்க. தனித்தனியா டிக்கெட் போட்டா அப்பா வரிசையிலதான். இறங்கும்போது நாற்காலிக்காரங்க கடைசியாத்தான், பத்து நிமிஷம் கூடுதலா ஆகும். டிரைவர்கிட்ட முன்னாலேயே சொல்லிடுங்க, இல்லேன்னா பார்க்கிங் கட்டணத்துக்குப் பயந்து ரோட்டுல போய் நின்னுக்குவார்.